துருவும் பாசியும் துணிக்கு வரும் வழி

நெசவும் சாயமும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருக்கின்றன. வெயிலும் மழையும் உப்புக்காற்றும் தேய்த்த பரப்புகளிலிருந்து ஒரு துணித் தொகுப்பை உருவாக்கும் பயிற்சி, துணி வடிவமைப்பு பயிலும் மாணவர்கள் பலருக்கு இந்தப் பருவத்தில் தரப்பட்டிருக்கிறது போலும். மொரீஷியஸ் போன்ற தீவில் இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைப்பது அரிது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: அம்மா, என் இறுதியாண்டுத் திட்டத்துக்கு முதிர்ந்த பரப்புகள் என்ற தலைப்பை எடுத்துக்கொண்டேன். கடற்கரைப் படகுகள், பழைய வீட்டுக் கதவுகள், தகரக் கூரைகள், கல்லறைக் கற்கள் என்று கைப்பேசியில் ஏராளமாகப் படம் எடுத்து, அவற்றுள் அழகானவற்றைக் கணினியில் அடுக்கித் துணியில் அச்சிட்டுக் காட்டினேன். இது துணியில் ஒட்டிய புகைப்படம், வடிவமைப்பு அன்று என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கிருந்து மறுபடி தொடங்குவது?
– மாணவி, மாஹேபூர்

பதில்: உங்கள் ஆசிரியரின் சொல்லில் கடுமை இருந்தாலும் நியாயமும் இருக்கிறது. துருப்பிடித்த தகரத்தின் படத்தை அப்படியே அச்சிட்டால், பார்ப்பவருக்குத் தகரம் தெரியுமே தவிரத் துணி தெரியாது. வெயிலும் மழையும் அந்தப் பரப்பில் என்ன வேலை செய்தன என்று அறிந்து, அதற்கு ஈடான வேலையை நூலிலும் சாயத்திலும் செய்தால்தான் அது துணி வடிவமைப்பு ஆகும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான்.

முதலில் எடுத்த படங்களில் பெரும்பகுதியை ஒதுக்கிவையுங்கள். படகும் கல்லறையும் கதவும் கூரையும் வெவ்வேறு பொருள்கள். அவை வெவ்வேறு காரணங்களால், வெவ்வேறு வேகத்தில் முதிர்கின்றன. எல்லாவற்றையும் ஒரே தொகுப்பில் திணிக்கும்போது பழமை என்ற பொதுவான மங்கல் மட்டுமே மிஞ்சுகிறது. ஒரே ஒரு வகைப் பரப்பைத் தேர்ந்து, அந்த இடத்துக்கு வரைவேட்டுடன் திரும்பிச் செல்லுங்கள். கைப்பேசி பையிலேயே இருக்கட்டும்.

நெளி தகரத்தை எடுத்துக்கொள்வோம். அது இரும்பின் மேல் துத்தநாகம் பூசிய தகடு. துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு, அடியிலுள்ள இரும்பைக் காக்கிறது. அந்தப் பூச்சு தீர்ந்த பிறகே செந்துரு தலைகாட்டும். ஆணித் துளைகள், வெட்டு விளிம்புகள், இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஈரம் தேங்கும் ஓரங்கள் ஆகிய இடங்களில்தான் துரு வழக்கமாகப் புறப்படுகிறது. எனவே மனம்போனபடி தெறித்ததாகத் தோன்றும் கறைகளுக்குள் ஓர் ஒழுங்கு ஒளிந்திருக்கிறது: ஏறத்தாழச் சம இடைவெளியில் ஆணிகள், ஒவ்வோர் ஆணியிலிருந்தும் மழைநீர் இழுத்துச் சென்ற செந்நிறக் கோடு, குறுக்கே ஓடும் கருத்த ஓரப் பட்டை. ஒழுங்கான புள்ளி, ஒழுங்கற்ற ஒழுகல், அவற்றை வெட்டும் பட்டை. இவ்வளவும் தெரிந்த பிறகு ஒரு சேலையின் உடலும் கரையும் உங்கள் கண்ணுக்குத் தாமாகவே தெரியத் தொடங்கும்.

மரக் கதவின் கதை வேறு. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் மரத்தின் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிச் செல்கிறது. மேற்பரப்பில் எஞ்சுவது பெரும்பாலும் செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள் என்பதால் மரம் வெள்ளிச் சாம்பலாக மாறுகிறது. மரத்தின் மென்மையான பகுதிகள் விரைந்து தேய, கடினமான வரிகள் வரம்புகளாக எழுந்து நிற்கின்றன. பருத்தியும் செல்லுலோஸ்தான் என்பதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். வெளுக்காத பருத்தி நூலில் தடித்ததையும் மெல்லியதையும் மாற்றி மாற்றி ஊடையாக, அதாவது குறுக்கு நூலாகக் கொடுத்து நெய்தால், ஒரு துளி அச்சுமையும் இல்லாமல் அந்தக் கதவின் மேடுபள்ளம் துணியில் வந்துவிடும்.

இன்னொன்று நம் சிமெண்டு வீடுகள். 1960ஆம் ஆண்டின் கரோல் புயலுக்குப் பிறகு இத்தீவில் மரத்தையும் தகரத்தையும் விட்டுச் சிமெண்டுக்கு மாறிய குடும்பங்கள் பல. அந்தக் கூரைகளின் ஓரங்களில் உப்பும் ஈரமும் உட்புகுந்து உள்ளிருக்கும் கம்பியைத் துருவாக்குகின்றன. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் சிமெண்டை உள்ளிருந்து தள்ளிப் பிளந்துவிடுகிறது. மழைநீர் வழக்கமாக வழியும் தடங்களில் நுண்பாசி கருங்கோடுகளாகப் படிகிறது. மாணவர்கள் பழைய கல் கட்டடங்களைத் தேடி ஓடும்போது, தங்கள் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு; அழகிய பாழைவிட அன்றாடப் பாழே புதிய வடிவங்களைத் தருகிறது என்பது என் கருத்து.

இடத்தையும் கவனியுங்கள். கியூர்பிப்பின் ஓயாத மழையில் ஒரு சுவர் பாசி படிந்து பச்சையாகிறது; மேற்குக் கரையின் வறண்ட வெயிலில் அதே சுவரின் வண்ணம் சுண்ணாம்புப் பொடியாக உதிர்கிறது; பவளத்திட்டின் காப்பு இல்லாத தென்கரையின் கிரி-கிரிப் பக்கத்திலோ அலைத் தூறலே வீடு தேடி வருகிறது. ஒரே தகரத்தை மூன்று ஊர்களில் பார்த்து ஒப்பிட்டு வரைந்தாலே ஒரு திட்டத்துக்குப் போதும்.

பிறகு வரைவேட்டின் ஒரு பக்கத்தில், அந்தப் பரப்பில் நடந்த செயல்களை மட்டும் எழுதுங்கள்: உரிதல், வெடித்தல், ஒழுகுதல், படிதல், அரிபடுதல், வெளிறுதல். ஒவ்வொரு செயலுக்கும் எதிரே துணியில் அதைச் செய்யக்கூடிய வழி ஒன்றைத் தேடி எழுதுங்கள். வண்ணப்பூச்சு வெடிப்பதற்கு, மைதா மாவையும் நீரையும் ஏறத்தாழச் சம அளவில் குழைத்து, இறுக்கிக் குத்திய பருத்தித் துணியில் மெல்லப் பூசி, நன்றாகக் காயவிட்டு, கசக்கி, வெடிப்புகளுக்குள் துணி வண்ணத்தைத் தேய்க்கலாம். வண்ணம் பிடித்த பின் ஊறவைத்துச் சுரண்டினால் பசை போய்க் கோடுகள் நிற்கும். உரிவதற்கு, இரண்டு மூன்று நிறத் துணிகளை அடுக்கித் தைத்து, மேலடுக்குகளை மட்டும் வெட்டி அடிநிறத்தைக் காட்டலாம். அரிபடுவதற்கு, செல்லுலோஸும் பாலியெஸ்டரும் கலந்த துணியில் சோடியம் பைசல்பேட் கலந்த பசையை அச்சிட்டுச் சூடுகாட்டினால், அந்த இடத்தில் பருத்தியோ, மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸோ கருகி உதிர்ந்து பாலியெஸ்டர் வலை மட்டும் எஞ்சும். ஆனால் இது அமிலம், புகையும் எழும், எனவே காற்றோட்டமுள்ள கல்லூரி ஆய்வகத்தில், கையுறையும் முகமூடியும் அணிந்து, ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே செய்யவேண்டியது. ஒழுகுவதற்கு, ஈரத்துணியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு மேல் விளிம்பில் சாயத்தை ஊற்றினால் போதும்; புவியீர்ப்பு தகரத்தில் செய்ததைத் துணியிலும் செய்யும்.

இவற்றில் இரண்டுக்கு மேல் ஒரே தொகுப்பில் வேண்டாம். தெரிந்த உத்திகளையெல்லாம் ஒரே துணியில் கொட்டுவது மாணவப் பருவத்தின் ஆசை. தேர்வாளர் அதை முதல் பார்வையிலேயே கண்டுகொள்வார். தோற்ற மாதிரித் துண்டுகளையும் எறியாமல், ஒவ்வொன்றின் பின்னாலும் நூல் வகை, சாய அளவு, ஊறிய நேரம், துவைத்தபின் நடந்தது ஆகியவற்றை எழுதி வரைவேட்டில் ஒட்டுங்கள்.

கேள்வி: எந்தப் பழைய சுவரிலிருந்து வண்ணம் எடுத்தாலும், என் வண்ணப் பலகை கடைசியில் சேற்று நிறமாகவே முடிகிறது. என்ன செய்யலாம்?
– மாணவர், ரோஸ் ஹில்

பதில்: நீங்கள் படத்திலிருந்து கணினி வழியாக வண்ணத்தை உறிஞ்சி எடுக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். கைப்பேசிக் கேமரா வெளிச்சத்தைத் தன் விருப்பப்படி திருத்திக்கொள்கிறது. நம் உச்சிவெயில் மென்மையான நிற வேறுபாடுகளை விழுங்கிவிடுகிறது. அதற்கு மேல், கணினி சொடுக்கிய ஒரு புள்ளியின் நிறம் தனியாக வரும்போது, பக்கத்து நிறத்தோடு அதற்கிருந்த உறவு அறுந்துவிடுகிறது. காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெளிச்சத்தில் அந்தச் சுவரின் எதிரே அமர்ந்து, நீர்வண்ணத்தில் கலந்து பாருங்கள். மழை பெய்து ஓய்ந்த பின்னும் ஒருமுறை சென்று பாருங்கள். ஈரச் சுவரும் உலர்ந்த சுவரும் இரண்டு வண்ணத் தொகுப்புகள்.

சாமரேலின் ஏழு வண்ண மண்மேடுகளைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். எரிமலைப் பாறையான கருங்கல் காலப்போக்கில் சிதைந்து களிமண்ணாகி, நீரில் கரையக்கூடியவை கழுவிச் செல்லப்பட, இரும்பும் அலுமினியமும் சார்ந்த ஆக்சைடுகள் எஞ்சியதால் பிறந்த நிறங்கள் அவை. அங்கே ஊதாவாகத் தோன்றும் மண்ணைத் தனியே ஒரு வெள்ளைத் தாளில் வைத்தால் மங்கிய பழுப்பாகத்தான் தெரியும். செம்மண்ணுக்கும் காவிக்கும் நடுவே இருப்பதால்தான் அது ஊதாவாகிறது. முதிர்ந்த பரப்பின் வண்ணத்தில் பாதி வேலையைச் செய்வது அதன் அண்டைவீட்டு நிறமே. இந்தப் பாடத்துக்காகவே அங்கே இன்னொரு முறை போகலாம். வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலே போதும்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். ஒரு நீண்ட அட்டைத் துண்டை எடுத்து, சுவரில் எந்த நிறம் எவ்வளவு பரப்பை அடைத்திருக்கிறதோ அந்த விகிதத்திலேயே நூல்களை அடுத்தடுத்துச் சுற்றுங்கள். பெரும்பகுதி சாம்பல், கொஞ்சம் காவி, ஓரத்தில் விரல்நுனி அகலத்துக்குத் தெளிந்த நீலப்பச்சை என்று வரும். அந்தச் சிறு நீலப்பச்சை, எப்போதோ அடித்த ஜன்னல் வண்ணத்தின் எச்சம். அதைத் துணிச்சலாக அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் பழமைக்கு ஒவ்வாதது என்று அதையும் மங்கவைத்துவிடுவதால்தான் எல்லாம் சேறாகிறது. சாயத்தை அடக்கவேண்டுமானால் கறுப்பைக் கலக்காதீர்கள். ஆரஞ்சுக்குள் ஒரு துளி நீலம், பச்சைக்குள் ஒரு துளி சிவப்பு என்று எதிர்நிறத்தைக் கலந்தால், அடங்கியும் உயிரோடும் இருக்கும்.

கேள்வி: பழைய ஆணிகளையும் சங்கிலிகளையும் வினிகர் நனைத்த துணியில் சுற்றிவைத்துத் துரு அச்சு எடுத்தேன். அற்புதமாக வந்தது. ஆனால் சில மாதங்களில் துரு பட்ட இடங்கள் மட்டும் இற்றுக் கிழிகின்றன. துணியின் தரம் குறைவா?
– மாணவி, திரியோலே

பதில்: துணியின் தரம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு, இரும்பின் இயல்பே அது. இரும்புச் சேர்மங்கள் துணி நாரின் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டி வேகப்படுத்துகின்றன. ஈரமும் அமிலமும் எஞ்சியிருந்தால் கேடு இரட்டிப்பாகும். பருத்தி, பட்டு இரண்டுமே இதற்குத் தப்புவதில்லை. அருங்காட்சியகங்களில் இருக்கும் சோழமண்டலக் கரையின் பழைய சீட்டித் துணிகளில், மற்ற வண்ணங்கள் பலவும் நிலைத்து நிற்க, இரும்பால் வரைந்த கருங்கோடுகள் மட்டும் இற்று உதிர்ந்திருப்பதைக் காணலாம். கைதேர்ந்த சாயக்காரர்களின் துணிக்கே அந்த நிலை என்றால், வினிகரில் ஊறிய உங்கள் துணியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

கேட்டைக் குறைக்க வழி உண்டு. வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து நனையுங்கள். உலராமல் பிளாஸ்டிக் தாளால் மூடிவையுங்கள். ஓர் இரவு, மிஞ்சிப்போனால் ஒரு முழுநாளுக்குள் பிரித்துவிடுங்கள். நாள்கணக்கில் விட்டால் நிறம் கூடுவதைவிட நார் கெடுவதே கூடும். பிரித்தவுடன் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி அமிலத்தை மாற்றி, பிறகு மென்மையான சோப்பில் துவைத்து நன்கு உலர்த்துங்கள். கையுறை அணியுங்கள், துருப்பிடித்த ஆணி குத்தினால் அலட்சியம் வேண்டாம். சமையல் பாத்திரங்களை இந்த வேலைக்குத் தொடவே கூடாது.

துருவைவிட எனக்கு அதிகம் பிடித்த வழி ஒன்று உண்டு; அது நம் முன்னோர் பிழைப்பாகக் கொண்டிருந்த வழி. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கருப்பூர்க் கலம்காரியிலும், ஆந்திரத்துக் காளஹஸ்தி வேலையிலும், பழைய இரும்புத் துண்டுகளை வெல்லம் கரைத்த நீரில் போட்டுப் பல நாள் புளிக்கவைத்து எடுத்த நீரே கறுப்பு மையாகிறது. துணியை முன்னதாகக் கடுக்காயும் பாலும் சேர்ந்த கலவையில் ஊறவைத்து உலர்த்தியிருப்பார்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்தவுடன் கறுப்பு பிறக்கும். பாலின் கொழுப்பு மை கசிந்து பரவாமல் தடுக்கும். கரும்பாலேயே உருவான இந்த நாட்டில் வெல்லத்துக்கு வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. கருப்பஞ்சர்க்கரைப் பாகும் புளிக்கும். கடுக்காய் கிடைக்காவிட்டால், கடுந்தேயிலைக் கஷாயத்தில் துணியை ஊறவையுங்கள். மென்சாம்பலிலிருந்து அடர்சாம்பல் வரை வரும். மழைக் கறை படிந்த கருங்கல்லின் நிறம் அது. பால் இல்லாமல் எழுதினால் மை ஓரங்களில் கசியும். கலம்காரிக்காரர் அஞ்சும் அந்தக் கசிவே உங்கள் திட்டத்துக்கு வேண்டியதாக இருக்கலாம்.

இதிலும் இரும்பு இருக்கிறது. ஆகவே எல்லையற்ற ஆயுளை எதிர்பார்க்காதீர்கள். அடிக்கடி துவைக்கும் உடுப்பாகத் திட்டம் முடியவேண்டுமென்றால், இரும்பு வழியில் கிடைத்த மாதிரியை மூலப்படமாக வைத்துக்கொண்டு, இறுதித் துணியைத் திரை அச்சில் சாயத்தாலோ, துணியின் மேல் பசையால் ஒட்டும் நிறப்பொடியான பிக்மெண்டாலோ செய்யுங்கள். சுவரில் தொங்கும் கலைத்துணி என்றால் உண்மையான துருவே இருக்கட்டும். ஆனால் அது மெல்ல இற்றுப்போகும் என்பதைத் திட்ட விளக்கத்தில் எழுதிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அது குறை, சொல்லிவிட்டால் அது கருத்து.

கேள்வி: பட்டுத் துணியில் வெளிறிய திட்டுகள் வேண்டும். வீட்டில் இருக்கும் வெளுப்புத் திரவத்தைத் தெளிக்கலாமா?
– மாணவி, காத்ர் போர்ன்

பதில்: கூடாது. வீட்டு வெளுப்புத் திரவத்தில் இருக்கும் ஹைப்போகுளோரைட்டு பட்டையும் கம்பளியையும் கரைத்தே விடும்; முதலில் மஞ்சளிக்கும், பிறகு ஓட்டையாகும். பட்டுக்குத் தயோயூரியா டையாக்சைடு போன்ற ஒடுக்கிகளால் நிறம் நீக்கும் முறை இருக்கிறது. அதைக் கல்லூரியிலேயே செய்யுங்கள். பருத்தியில் வெளுப்புத் திரவத்தைப் பயன்படுத்துவோருக்கும் ஓர் எச்சரிக்கை: வெளுப்பை நிறுத்த வினிகரை ஊற்றாதீர்கள், நச்சான குளோரின் வாயு எழும். சோடியம் தயோசல்பேட்டுக் கரைசலில் அலசுவதே பாதுகாப்பு.

கேள்வி: எங்கள் ஊர்க் கோவில் கோபுரத்தில் வண்ணம் உரிந்த சுதைச் சிற்பங்கள் இருக்கின்றன. அடுத்த கும்பாபிஷேகத்துக்கு முன் புதுவண்ணம் அடித்துவிடுவார்கள். அதற்குள் அவற்றை என் திட்டத்தில் பதிவு செய்ய நினைக்கிறேன். பாட்டி, சாமி முகத்தைத் துணியில் போடாதே என்கிறார். அதேபோல் அப்பிரவாசி காட் (Aapravasi Ghat) என்னும் பழைய குடியேற்ற நிலையத்தின் கற்படிகளில் தாள் வைத்து மெழுகுக்கோலால் தேய்த்துப் படி எடுக்கவும் ஆசை.
– மாணவர், போர்ட் லூயி

பதில்: பாட்டி சொல்வதைக் கேளுங்கள். துணி என்பது இடுப்பில் சுற்றப்படும், தரையில் படும், அழுக்காகும், துவைக்கப்படும். இறைவன் திருமுகத்துக்கு அது இடமன்று என்ற உணர்வு நம் மக்களிடம் இன்றும் ஆழமாக இருக்கிறது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளும் வடிவமைப்பாளர் தன் முதல் வாசகரையே இழப்பார். உங்களுக்கு வேண்டியதும் முகம் அன்று. ஒரு கும்பாபிஷேகத்தின் நீலத்துக்கு அடியில் முந்தைய கும்பாபிஷேகத்தின் பச்சை, அதற்கும் அடியில் சுண்ணாம்பு வெள்ளை என்று அடுக்கடுக்காகத் தெரியும் அந்த உரிவின் விளிம்புகளைக் கவனியுங்கள். பன்னிரண்டு ஆண்டு வாக்கில் மீண்டும் மீண்டும் வரும் திருப்பணியின் வரலாறே அந்த அடுக்குகளில் இருக்கிறது. கோவில் நிர்வாகத்திடம் நோக்கத்தைச் சொல்லி அனுமதி பெற்று, கீழே நின்று வரையுங்கள். உதிர்ந்து கிடக்கும் சில்லுகளைக்கூடக் கேட்காமல் எடுக்கவேண்டாம். முதல் பதிலில் சொன்ன அடுக்கித் தைத்து வெட்டும் முறை இதற்கு மிகவும் இசையும்.

அப்பிரவாசி காட்டில் தேய்ப்புப்படி எடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 1849இல் தொடங்கிய அந்தக் குடியேற்ற நிலையம் வழியாக ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் கடந்து சென்றிருக்கிறார்கள். 2006 முதல் அது யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். நுண்துளைகள் நிறைந்த கருங்கல்லில் மெழுகு படிந்தால் முழுதாக எடுக்க முடியாது. அங்கே பார்த்து வரையுங்கள். தேய்ப்புப்படி வேண்டுமென்றால் உங்கள் வீட்டு வாசற்படியும் பெரும்பாலும் அதே வகைக் கருங்கல்தான்.

கேள்வி: என் மகள் நல்ல வெள்ளைத் துணிகளை வாங்கிவந்து கறையாக்குகிறாள். படிப்பு என்கிறாள். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?
– தந்தை, கூட்லண்ட்ஸ்

பதில்: ஐயா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்த பின் இந்நாட்டில் எழுந்த ஆடைத் தொழில், பெரும்பாலும் வெளிநாட்டார் தந்த வடிவத்தைத் தைத்துக் கொடுக்கும் தொழிலாகத்தான் தொடங்கியது. கூலி குறைந்த நாடுகளோடு அந்த வழியில் இனிப் போட்டியிட முடியாது என்பதால், சொந்தமாக வடிவமைக்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே தேவை இருக்கிறது. மகள் செய்யும் கறை வேலைக்கு நேரான தொழிலும் ஒன்று உண்டு. ஜீன்ஸ் துணியைப் பல ஆண்டு உடுத்தியதுபோல் காட்டுவதற்காக, ஆலைகளில் நுரைக்கல்லோடு சேர்த்துச் சுழற்றுகிறார்கள், செல்லுலேஸ் நொதியில் துவைக்கிறார்கள், லேசர் ஒளியால் மேற்பரப்பைச் சுடுகிறார்கள். எங்கே வெளிற வேண்டும், எவ்வளவு வெளிற வேண்டும் என்று முடிவு செய்பவருக்குத் துணியும் தெரியவேண்டும், கண்ணும் வேண்டும். ஒன்று மட்டும் மகளிடம் கேளுங்கள்: இந்தக் கறையை மறுபடியும் இதே மாதிரி உன்னால் கொண்டுவர முடியுமா? குறிப்பேட்டைத் திறந்து, முடியும் என்று அவர் காட்டினால், அந்தப் பணம் வீண்போகவில்லை.

கேள்வி: பகலில் பின்னலாடை ஆலையில் வேலை, மாலையில் படிப்பு. பாசிக்கறை வடிவம் ஒன்றை வரைந்தேன். தனியாகப் பார்க்க நன்றாக இருக்கிறது. துணி முழுவதும் அடுக்கினால் கறைகள் வரிசை வரிசையாகத் தெரிகின்றன. எங்கள் ஆலைக்கு ஏற்றபடி எப்படி மாற்றுவது?
– வாசகர், வாக்குவா

பதில்: முதிர்ந்த பரப்பை வைத்துச் செய்யும் எல்லாத் திட்டங்களும் கடைசியில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பாசி எங்கும் ஒரேபோல் வளர்வதில்லை. அச்சோ தன் சுற்று முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கும். உருளைத் திரை அச்சில் ஒரு சுற்றின் நீளம் பெரும்பாலும் 64 சென்டிமீட்டர். உங்கள் வடிவத்தின் உயரம் 64 ஆகவோ, 32, 16 என்று அதைச் சமமாக வகுக்கும் அளவாகவோ இருந்தாக வேண்டும். பாசிக் கறைக்கு முழு 64ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய அளவில் வரிசை இன்னும் வெளிப்படையாகத் தெரியும். டிஜிட்டல் அச்சில் இந்தக் கட்டுப்பாடு இல்லை என்றாலும், அதையே காரணமாக்கி வடிவத்தை ஒழுங்கில்லாமல் விட்டுவிடாதீர்கள்.

வரிசை தெரிவதற்குக் காரணம், உங்கள் வடிவத்தில் மற்றவற்றைவிடக் கருத்த கறை ஒன்றோ, மற்றவற்றைவிடப் பெரிய வெற்றிடம் ஒன்றோ இருப்பது. கண் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த சுற்றில் அதையே தேடும். வடிவத்தை மூன்றுக்கு மூன்றாக அடுக்கி அச்சிட்டு, சுவரில் ஒட்டி, அறையின் மறுகோடியிலிருந்து கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எது துள்ளித் தெரிகிறதோ அதை மென்மையாக்குங்கள், அல்லது அதற்கு இணையான எடையுள்ள இன்னும் இரண்டு கறைகளை வேறு இடங்களில் வையுங்கள். அடுத்த நிரலை அரைப் பங்கு கீழே இறக்கி அமைத்தால் கிடைக்கோடு உடையும். ஆனால் மூலைவிட்டக் கோடு தோன்றுகிறதா என்று மறுபடியும் பார்க்கவேண்டும்.

பின்னலாடை ஆலையில் இருப்பதால், அச்சை விட்டே சிந்திக்க உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. பாசி ஒரு சுவரில் படர்வது ஈரம் எங்கே தேங்குகிறது என்பதைப் பொறுத்தது. பின்னல் இயந்திரத்தில் சில ஊசிகளில் கண்ணியைப் பிடித்துவைத்துச் சில வரிசைகள் கழித்து விடுவித்தால், துணி அங்கங்கே சுருங்கிப் புடைக்கும். பருத்தியோடு கம்பளி நூலைச் சில வரிசைகளில் மட்டும் சேர்த்துப் பின்னி, பிறகு சுடுநீரில் அலசி அலைத்தால், கம்பளி இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கிப் பருத்தியை மேடுகளாகத் தள்ளும். சுருங்காதபடி பதப்படுத்திய கம்பளி இதற்கு உதவாது என்பதால், நூல் கூம்பின் சீட்டைப் பார்த்து எடுங்கள். முதலில் ஒரு முழ நீள மாதிரியைப் பின்னி, அலசுவதற்கு முன்னும் பின்னும் அகலத்தையும் நீளத்தையும் அளந்து எழுதிவைத்துக்கொண்டு, அதன் பிறகு ஆலை மேற்பார்வையாளரிடம் இயந்திர நேரம் கேளுங்கள்.